வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்தப் பேரண்டல் கண்ட்ரோல் சாஃப்ட்வேர் வாங்கலாம்?

பெங்களூர் ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. ஹாலில் ஒரு டெஸ்க்டாப், விண்டோஸ் 11. மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. மகளுக்கு 9 வயது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்தபின் இருட்டும்வரை வீட்டில் இருப்பது மாமியார் மட்டும்தான். அவரும் அதே கம்ப்யூட்டரில் யூடியூபில் சீரியலும் ஆன்மிகச் சொற்பொழிவும் பார்ப்பவர். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டின் கடைக்காரர் ஒருவர், பேரண்டல் கண்ட்ரோல் (பிள்ளைகள் பார்ப்பதையும் பார்க்கும் நேரத்தையும் பெற்றோர் கட்டுப்படுத்தும் வசதி) உள்ள ஒரு ஆன்டிவைரஸ் பேக்கேஜை வாங்கச் சொல்கிறார். அலுவலகத் தோழி ஒருவர், பிள்ளைகள் கீபோர்டில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அம்மாவின் போனுக்கு அனுப்பிவிடும் ரகசிய சாஃப்ட்வேரைப் போடச் சொல்கிறார். இரண்டில் எது நல்லது?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். தோழி சொன்னது எப்போதுமே வேண்டாம். பள்ளிகளின் கம்ப்யூட்டர் லேப்களைப் பராமரிப்பது என் தொழில். தெரிந்தவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக் கொடுப்பதுண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எந்த சாஃப்ட்வேர் என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: உங்கள் கம்ப்யூட்டருக்குள் உங்கள் மகன் யார்?

எஸ்.பி. ரோட்டில் அசெம்பிள் செய்து வாங்கிய பெட்டிகள் பெரும்பாலும் ஒரே ஒரு கணக்கோடுதான் வீட்டுக்கு வருகின்றன. பாஸ்வேர்டு இருக்காது. அந்தக் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. அம்மா பேங்க் வேலை பார்ப்பதும், பாட்டி சீரியல் பார்ப்பதும், பையன் கேம் இறக்குவதும் அதே கணக்கில்தான். அட்மின் என்றால் அந்த இயந்திரத்தில் எதையும் நிறுவவும் நீக்கவும் அதிகாரம் உள்ளவர். அந்த அதிகாரம் பையன் கையில் இருக்கும்வரை நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து எந்த சாஃப்ட்வேரை வாங்கினாலும் அதை நிறுத்தி வைக்க அவனால் வழி கண்டுபிடிக்க முடியும். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அது ஒரு மாலைப் பொழுது வேலை. சாஃப்ட்வேர் பலிக்கவில்லை என்று என்னிடம் வந்தவர்களின் கம்ப்யூட்டரைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெரும்பாலும் கோளாறும் அங்கேதான் இருக்கும்.

ஆகவே முதல் வேலை கணக்குகளைப் பிரிப்பது. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய் உங்கள் இருவருக்கும் என்று புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கி, அதை அட்மின் ஆக்கி, நல்ல பாஸ்வேர்டு ஒன்றை வையுங்கள். பிள்ளைகளின் பிறந்த தேதி, வண்டி நம்பர் எல்லாம் வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தவை அவை. பிறகு அந்தப் புதுக் கணக்கில் நுழைந்து, இப்போது எல்லோரும் பயன்படுத்தும் பழைய கணக்கை ஸ்டாண்டர்டு கணக்காக மாற்றுங்கள். பையனின் ஃபைல்களும் கேம்களும் அப்படியே இருக்கும், அதிகாரம் மட்டும் போய்விடும். அதையே அவன் கணக்காக வைத்துக்கொள்ளலாம். மகளுக்குத் தனியாக ஒன்று. மாமியாருக்கும் தனியாக ஒன்று, அதுவும் ஸ்டாண்டர்டு. நான்கு இலக்க பின் நம்பர் போதும், ஆனால் அது பேத்திக்குத் தெரியக்கூடாது என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் கட்டுப்பாடு உடைவது பாட்டி கணக்கு வழியாகத்தான். பாட்டிக்குப் பேத்தி கேட்டால் மறுக்க மனம் வராது. இன்னொன்று: ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைத்துவிடுங்கள். நீங்கள் அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் உங்கள் கணக்கு திறந்து கிடந்தால் மேலே செய்த எல்லாம் வீண்.

ஸ்டாண்டர்டு கணக்கு ஓட்டையே இல்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். குரோம், ஓபரா போன்ற பிரவுசர்களை அட்மின் அனுமதி இல்லாமலே ஒருவர் தன் கணக்குக்குள் மட்டும் நிறுவிக்கொள்ள முடியும். தடைகளைச் சுற்றிக்கொண்டு போக உதவும் விபிஎன்னும் ஓபராவுக்குள் சேர்ந்தே வருகிறது. பென்டிரைவிலிருந்து ஓடும் பிரவுசர்களும் உண்டு. கணக்குகளைப் பிரித்ததோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு அடுக்குகளைச் சொல்லப்போவது இதனால்தான்.

இடையில் ஒரு சொல். பெங்களூர் வீடுகளில் பெற்றோரின் அலுவலக லேப்டாப் ஒன்றாவது சோபாவில் கிடக்கும். டெஸ்க்டாப்பைக் கட்டுப்படுத்தியதும் பிள்ளைகளின் கண் அதன்மேல் போகும். அதை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். அதில் நீங்களாக எந்தப் பேரண்டல் கண்ட்ரோலையும் போடக்கூடாது. கம்பெனியின் விதிகளும் கண்காணிப்பும் உள்ள இயந்திரம் அது. பையன் அதில் திறக்கும் பக்கம் உங்கள் பெயரில்தான் பதிவாகும்.

இரண்டாவது அடுக்கு, விண்டோஸோடு காசில்லாமல் வரும் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி. மகளுக்கு இது பெரும்பாலும் போதும். குழந்தைக்கு உண்மையான பிறந்த ஆண்டைக் கொடுத்து ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கி, உங்கள் குடும்பக் குழுவில் சேர்த்து, அந்தக் கணக்கில்தான் அவள் கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும். இணையத்தோடு சேராத லோக்கல் கணக்கில் நுழைந்தால் ஃபேமிலி சேஃப்டி எதையும் பார்க்காது. பலர் தடுக்கி விழும் இடம் இது. சேர்த்தபின் எந்த நாளில் எந்த நேரம் முதல் எந்த நேரம்வரை, மொத்தம் எவ்வளவு நேரம் என்று வைக்கலாம். ஒவ்வொரு கேமுக்கும் தனி அளவு வைக்கலாம். நேரம் முடிந்ததும் குழந்தை இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டால் உங்கள் போனுக்கு வரும், மீட்டிங்கில் இருந்தபடியே சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிடலாம். பாட்டிக்கும் பேத்திக்கும் நடக்கிற பேரம் இதனால் பாதி குறையும்.

இதில் ஒரு பெரிய குறை. இணையதளங்களை வடிகட்டும் வேலை எட்ஜ் பிரவுசரில் மட்டும்தான் நடக்கும். வடிகட்டியைப் போட்டதும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவற்றை அது திறக்கவிடாது. மகள் எட்ஜில் மட்டும் இருக்கட்டும் என்று முடிவெடுத்தால் இந்தக் குறையே நல்லதாகிவிடும். அவளுடைய பள்ளி வகுப்புப் பக்கம் எட்ஜிலும் திறக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாகத் திறக்கும், எட்ஜுக்கும் குரோமுக்கும் அடித்தளம் ஒன்றுதான். 9 வயதுக்கு நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். அனுமதித்த தளங்கள் மட்டும் திறக்கட்டும் என்ற அமைப்பு அதிலேயே இருக்கிறது. பள்ளித் தளம், ஒரு கலைக்களஞ்சியம், யூடியூப் கிட்ஸ், அவள் விரும்பும் ஓவியம் வரையும் தளம் என்று பத்துப் பதினைந்து பக்கங்களைச் சேர்த்துவிட்டால் அந்த வயதுக்கு இணையம் அவ்வளவு போதும். கெட்டதைத் தேடித் தடுப்பதைவிட நல்லதை மட்டும் திறந்துவிடுவது சின்னக் குழந்தைக்கு எளிது. பன்னிரண்டு வயதுக்கு மேல் இது நடக்காது, நடக்கவும் கூடாது.

கூகுளின் ஃபேமிலி லிங்க்கைப் பற்றியும் கேட்பார்கள். அது ஆண்ட்ராய்டு போனுக்கும் குரோம்புக்குக்குமானது. உங்கள் விண்டோஸ் டெஸ்க்டாப்பில் எத்தனை மணி நேரம் என்று கட்டுப்படுத்த அதனால் முடியாது. மகள் கையில் எப்போதாவது டேப்லெட் வந்தால் அப்போது பாருங்கள்.

இப்போது, விளம்பரங்களில் காண முடியாத ஒரு விஷயம். உங்களைப் போன்ற வீட்டுக்கு இதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன்.

வடிகட்டிகள் வேலை செய்வது முக்கியமாக இரண்டு வழிகளில். ஒன்று, இணையதள முகவரிகளின் பட்டியல்: இந்த முகவரி ஆபாசம், இது சூதாட்டம், இது வன்முறை என்று முன்பே பிரித்து வைத்திருப்பார்கள். இன்னொன்று, பக்கத்திலும் தேடலிலும் உள்ள சொற்களைப் பார்ப்பது. முதல் வழி மொழியைச் சார்ந்ததில்லை, உலகம் அறிந்த ஆபாசத் தளங்களை நன்றாகவே தடுக்கும். இரண்டாவது வழி ஆங்கிலத்தில்தான் கூர்மையாக இருக்கிறது. பெங்களூரில் வளரும் தமிழ்க் குழந்தையின் மொழி அது மட்டுமா? வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம், கேம் ஆடும்போது இந்தி. தட்டும்போது இந்த நான்கையுமே ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். தங்கிலீஷில் ஒரு வசைச்சொல்லைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவார்கள்; ஓர் எழுத்து கூடும், ஓர் எழுத்து குறையும், நடுவில் நட்சத்திரக் குறி வரும். எந்தச் சொற்பட்டியலும் அதைப் பிடித்து முடிக்காது. உங்கள் மகன் ஆங்கிலத்தில் தேடினால் தடுக்கப்படும் ஒன்று, தமிழில் தேடினால் சாதாரணமாக வந்து நிற்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளைகள் தூங்கியபின் பத்து நிமிடம் செலவழியுங்கள். கூச்சமான வேலைதான், ஆனால் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை.

அதே வடிகட்டி மறுபக்கம் அளவுக்கு மீறித் தடுக்கும். பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி அறிவியலில் உயிரினங்கள் எப்படி இனப்பெருக்கம் செய்கின்றன என்று ஒரு பாடமே இருக்கிறது. அடுத்த ஆண்டு உங்கள் மகன் அதற்குப் படம் தேடுவான். சொற்களை மட்டும் பார்க்கும் வடிகட்டி அவனைத் தடுத்து, உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் அனுப்பும். மார்பகப் புற்றுநோய் பற்றியோ மாதவிடாய் பற்றியோ உங்கள் மகள் நாளை ஆங்கிலத்தில் தேடினாலும் இதே கதி. படிக்கத் தேடியவள் தப்பு செய்தவளைப் போல உணர்ந்தால் அதன்பின் எதையும் உங்களிடம் கேட்க மாட்டாள். ஆகவே எந்த சாஃப்ட்வேரானாலும், தடுத்ததை ஒரே தட்டலில் அனுமதிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

தமிழ் வீடுகளில் பிள்ளைகள் தகாததைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் ஆபாசத் தளம் இல்லை, யூடியூப். முகவரிப் பட்டியலால் யூடியூபை முழுதாகத் தடுக்கலாம் அல்லது முழுதாக விடலாம். உள்ளே எந்த வீடியோ என்று அதற்குத் தெரியாது. பாட்டி பார்க்கும் சீரியலுக்குப் பக்கத்திலேயே அடுத்த பரிந்துரையாக அரைகுறை ஆடைப் படத்தோடு கிசுகிசு வீடியோ நிற்கும். சாதிச் சண்டை வீடியோக்களும் அவற்றின் கீழே குவிந்துகிடக்கும் கமென்ட்டுகளும் என்னைக் கேட்டால் ஆபாசத்துக்குக் குறைந்தவை அல்ல. 14 வயதுப் பையன் தினமும் அதைப் படித்தால் அந்த மொழி அவன் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். யூடியூபில் ரெஸ்ட்ரிக்டட் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் பெரியவர்களுக்கான வீடியோக்கள் கணிசமாக மறையும். அதைவிட முக்கியமாக, கமென்ட்டுகள் அடியோடு காணாமல் போகும். தமிழைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது பலனுக்காகவே நான் அதைப் போடச் சொல்கிறேன். அந்த பிரவுசரில் மட்டும்தான் அது இருக்கும் என்பதும், யார் வேண்டுமானாலும் மெனுவில் போய் எடுத்துவிடலாம் என்பதும் குறை. அதை எடுக்கமுடியாதபடி வைப்பதற்குத்தான் மூன்றாவது அடுக்கு.

அது டிஎன்எஸ். பிரவுசரில் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்ததும், அந்தப் பெயருக்கு என்ன எண் என்று ஒரு சர்வரிடம் கம்ப்யூட்டர் கேட்கும். இயல்பாக அந்த சர்வர் உங்கள் இன்டர்நெட் கம்பெனியுடையது. அதற்குப் பதிலாக, தகாத தளங்களுக்கு எண் சொல்ல மறுக்கும் சர்வரைக் கொடுத்துவிட்டால் அவை திறக்காது. கிளவுட்ஃப்ளேர் 2020 முதல் இதை இலவசமாகத் தருகிறது; எண்கள் 1.1.1.3, 1.0.0.3. கிளீன்பிரவுசிங் என்ற சேவையின் குடும்ப வடிகட்டி இன்னும் கண்டிப்பானது, 185.228.168.168, 185.228.169.168. இந்த இரண்டாவது, ஆபாசத்தோடு விபிஎன், அதைப் போன்ற பிராக்ஸி தளங்களையும் தடுக்கிறது, கூகுளிலும் பிங்கிலும் பாதுகாப்பான தேடலைக் கட்டாயமாக்குகிறது, யூடியூபை ரெஸ்ட்ரிக்டட் மோடிலேயே நிறுத்திவிடுகிறது. பையன் மெனுவில் எடுக்க நினைத்தாலும் முடியாது. நல்லதும் தகாததும் கலந்து கிடக்கும் ரெடிட் போன்ற தளங்களும் திறக்காது என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் செய்வது இப்படி இருக்கும். ரவுட்டரில் கிளவுட்ஃப்ளேர் எண்கள்: வீட்டிலுள்ள போன், டிவி எல்லாவற்றுக்கும் மிதமான காவல், பெரியவர்களுக்குத் தொந்தரவில்லை. ஹாலில் உள்ள டெஸ்க்டாப்பில் மட்டும் கிளீன்பிரவுசிங் எண்கள். இதைக் கம்ப்யூட்டரிலேயே, கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸில் போடவேண்டும். ஸ்டாண்டர்டு கணக்கில் இருப்பவரால் அதை மாற்றமுடியாது. அதே அடாப்டர் வழியாகப் பாட்டியின் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தாலும் எண் அதேதான்; கம்ப்யூட்டரில் வேறு அடாப்டரும் இருந்தால் அதிலும் தனியாகப் போடவேண்டும். ரவுட்டரில் மட்டும் போட்டிருந்தால் ஹாட்ஸ்பாட் போட்ட நிமிடமே எல்லாம் போயிருக்கும். மேலே சொன்னவை ஐபிவி4 என்ற பழைய வகை எண்கள்; அவற்றைப் போட்டுவிட்டு ஐபிவி6 என்ற புது வகை எண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கே பல இணைப்புகளில் ஐபிவி6 ஓடுகிறது, கேள்வி அந்த வழியாகப் போய்விடும். இரண்டு சேவைகளும் அதற்கான எண்களைத் தங்கள் பக்கத்தில் கொடுத்திருக்கின்றன. பிரவுசர் செட்டிங்ஸில் செக்யூர் டிஎன்எஸ் என்ற இடத்தில் வேறு சர்வரைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வடிகட்டியைத் தாண்டிவிடலாம். பையனின் பிரவுசரில் எப்போதாவது அதைப் பாருங்கள். சில இன்டர்நெட் கம்பெனிகள் கொடுக்கும் ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்றும் இடம் பூட்டியிருக்கும். அப்படியானால் கஸ்டமர் கேருக்குப் போன் செய்து கேளுங்கள். முடியாது என்றால் டெஸ்க்டாப்பில் போட்டதோடு இருங்கள்.

ஆண்ட்ராய்டு கேம்களை டெஸ்க்டாப்பில் ஆட புளூஸ்டாக்ஸ் போன்ற எமுலேட்டர்களைப் பிள்ளைகள் போடுகிறார்கள். அதற்குள் தனி பிரவுசரே இருக்கும், ஃபேமிலி சேஃப்டிக்கு அது ஒரே ஒரு புரோகிராமாகத்தான் தெரியும். டிஎன்எஸ் அடுக்கு இருந்தால் அங்கும் ஓரளவு காவல் இருக்கும்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தோழி சொன்ன ரகசியக் கண்காணிப்பை நான் இவ்வளவு அழுத்தமாக மறுப்பதற்கு முதல் காரணம் நடைமுறை சார்ந்தது. அது பொதுக் கம்ப்யூட்டர். கீபோர்டில் தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் சாஃப்ட்வேருக்குத் தட்டுவது மகனா அம்மாவா என்ற கவலை இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். உங்கள் நெட்பேங்கிங் பாஸ்வேர்டும், ஆதார் எண்ணும், மாமியாரின் மருத்துவ ரிப்போர்ட்டும் எங்கோ ஒரு நாட்டில் உள்ள கம்பெனியின் சர்வருக்குப் போய்ச் சேரும். அந்த சர்வர்கள் எவ்வளவு பத்திரம் என்பதற்குச் சான்று பொதுவெளியிலேயே இருக்கிறது. டீன்சேஃப் என்ற கண்காணிப்பு ஆப், 2018-இல் பிள்ளைகளின் ஆப்பிள் கணக்குப் பாஸ்வேர்டுகளைப் பூட்டில்லாத சர்வரில் அப்படியே படிக்கும் வடிவில் விட்டுவைத்திருந்தது வெளியானது. எம்ஸ்பை என்ற இன்னொன்றிலிருந்து ஒரு முறைக்கு மேல் தகவல்கள் கசிந்திருக்கின்றன. 2024-இல் அதன் வாடிக்கையாளர்கள் உதவி கேட்டு எழுதியவை லட்சக்கணக்கில் வெளியே வந்தன. பிள்ளையைக் காக்கப் போட்டதே பிள்ளையின் அந்தரங்கத்தைத் தெருவில் கொட்டியது.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் குழந்தைகளைப் பின்தொடர்ந்து அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதற்குத் தடை போடுகிறது. தன் வீட்டுத் தேவைக்காக ஒரு தனிமனிதர் செய்வது இந்தச் சட்டத்துக்குள் வராது, ஆகவே நீங்கள் கண்காணிப்பது குற்றமில்லை. ஆனாலும் நிறுவனமே செய்யக்கூடாது என்று சட்டம் நினைக்கும் ஒன்றைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவருவதா என்று யோசியுங்கள்.

இரண்டாவது காரணம் பையனே. 14 வயதில் அவனுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து அவன் தேடிப் போகும் ஆபாசப் பக்கம் அல்ல என்று நான் நம்புகிறேன். அது அவனைத் தேடி வரும் மனிதர். கேம் ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்டு ஆப்பில் அறிமுகமாகும் யாரோ, நட்பாகப் பேசி, ஒரு படம் அனுப்பச் சொல்லி, பிறகு அதைக் காட்டிப் பணம் கேட்டு மிரட்டுவது நடக்கிறது, பையன்களுக்கும் நடக்கிறது. வாய்ப்பேச்சாகத் தங்கிலீஷில் நடப்பதை எந்த வடிகட்டியும் கேட்காது. அப்படி ஒன்று நடந்தால் அவன் ஓடிவந்து உங்களிடம் சொல்லவேண்டும். தன்னை அம்மா ரகசியமாக உளவு பார்த்தாள் என்று ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தால் சொல்வானா? சொன்னால் கம்ப்யூட்டரைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தாலும் சொல்லமாட்டான். ஆகவே என்னென்ன கட்டுப்பாடு போட்டிருக்கிறீர்கள் என்பதை அவனை அருகில் உட்காரவைத்துக் காட்டுங்கள். அந்த டிஎன்எஸ் எண்ணை அவனையே தட்டச் சொன்னாலும் தப்பில்லை. பாஸ்வேர்டை மட்டும் நீங்கள் போடுங்கள். அவன் கணக்கையும் மகளுடையதைப் போல மைக்ரோசாஃப்ட் கணக்காக்கி, ஃபேமிலி சேஃப்டியில் நேர அளவை மட்டும் வைத்து, எந்தெந்தப் பக்கம் பார்த்தான் என்ற வாராந்திர அறிக்கையை நிறுத்திவிடுவது என் பரிந்துரை. ஆபாசத்தை டிஎன்எஸ் பார்த்துக்கொள்ளும். டிஸ்கார்டுக்கு ஃபேமிலி சென்டர் என்று 2023-இல் வந்த வசதி இருக்கிறது. யாரோடு பேசுகிறான் என்பது தெரியும், என்ன பேசினான் என்பது தெரியாது. இந்த வயதுக்கு அந்த அளவு சரி. கேம்களை வாங்கி ஆடும் ஸ்டீம் தளத்திலும் குடும்பக் கணக்கு வைத்து எந்த கேம், எவ்வளவு நேரம் என்று நிர்ணயிக்கலாம்.

மிரட்டல் என்று ஒன்று வந்தேவிட்டால்: பணம் அனுப்பாதீர்கள், சாட் உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் 1930, குழந்தைக்கு உதவி வேண்டுமென்றால் 1098. படம் வெளியே பரவாமல் இருக்க டேக் இட் டவுன் என்று அமெரிக்கக் குழந்தைகள் பாதுகாப்பு மையம் ஒன்று நடத்தும் இலவசச் சேவை உண்டு. படத்தை எங்கும் ஏற்றாமலே அதன் அடையாளக் குறியை மட்டும் எடுத்து, அந்தச் சேவையில் சேர்ந்துள்ள தளங்களில் அது ஏறாமல் தடுக்க உதவுகிறது. இந்த எண்களை ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள். மாமியாருக்கும் காட்டுங்கள், பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான்.

சரி, காசு கொடுத்து வாங்கவேண்டிய நிலை எப்போது வரும்? வீட்டில் விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபேட் என்று கலந்து கிடந்து, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் குஸ்டோடியோ போன்றதில் அர்த்தம் உண்டு. நார்ட்டன் ஃபேமிலி விண்டோஸுக்கும் போன்களுக்கும் நல்லது, மேக்கில் வேலை செய்யாது. கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் சென்னையின் கே7 அல்லது புனேயின் குவிக் ஹீலாக இருக்கும். இரண்டும் நம் நாட்டு ஆன்டிவைரஸ்கள், அவற்றின் டோட்டல் செக்யூரிட்டி பதிப்புகளில் பேரண்டல் கண்ட்ரோல் ஒரு பகுதியாக வருகிறது. ஆன்டிவைரஸுக்காக வாங்கினால் அதையும் பயன்படுத்துங்கள். பேரண்டல் கண்ட்ரோலுக்காக மட்டும் வாங்கத் தேவையில்லை.

எதை எடுத்தாலும் முதலில் டிரையல். ஒரு சனிக்கிழமை மகனின் கணக்கில் நீங்களே நுழைந்து அதை ஏமாற்றப் பாருங்கள். தமிழில் தேடுங்கள், தங்கிலீஷில் தேடுங்கள். பாட்டி போன் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். கம்ப்யூட்டரின் டைம் ஸோனை மாற்றுங்கள். ஸ்டாண்டர்டு கணக்கிலும் அது முடியும், நேரக் கட்டுப்பாடு அதில் ஏமாறுகிறதா பாருங்கள். விண்டோஸ் அடிப்படைப் பகுதிகளோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். வேறொரு பிரவுசரை இறக்குங்கள். பத்தாம் வகுப்புப் பாடத்தைத் திறங்கள். அன்இன்ஸ்டால் செய்யும்போது பாஸ்வேர்டு கேட்கிறதா? நிறுவும்போது ரூட் சர்ட்டிஃபிகேட் ஒன்றைப் போடுகிறேன் என்று சொல்கிறதா? அப்படியானால் பூட்டிய இணைப்புகளையும் அது நடுவில் பிரித்துப் பார்க்கிறது என்று பொருள். 2015-இல் நெட் நானி என்ற சாஃப்ட்வேர், எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே ரகசியச் சாவியைப் பயன்படுத்தியதாக அமெரிக்காவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் மையம் எச்சரித்தது. அந்தச் சாவி கிடைத்த எவரும் உங்கள் பேங்க் தளத்தைப் போலப் போலி ஒன்றைக் காட்டியிருக்க முடியும். பேங்க் வேலை நடக்கும் கம்ப்யூட்டரில் அந்த மாதிரி வடிகட்டி எனக்குச் சம்மதமில்லை. கார்டு விவரம் கொடுக்கும்போது தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் விண்டோஸ் 11 என்று சொன்னாலும் ஒருமுறை செட்டிங்ஸில் அபவுட் பகுதியில் சரிபாருங்கள். பழைய பெட்டிகளில் விண்டோஸ் 10 ஓடுவதுண்டு. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்பதும் செட்டிங்ஸிலேயே தெரியும். லைசென்ஸ் இல்லாமல் விண்டோஸை ஓடவைக்கும் கிராக் ஏதோ ஒன்றைக் கடைக்காரர் போட்டுக் கொடுத்திருந்தால் அந்த கிராக்கோடு என்ன உள்ளே வந்திருக்கிறது என்று யாராலும் சொல்லமுடியாது. அந்த நிலையில் பேரண்டல் கண்ட்ரோலுக்கு ஒதுக்கிய பணத்தை முறையான லைசென்ஸுக்குக் கொடுத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, முதல் கணக்கை உங்கள் பெயரில் தொடங்குங்கள்.